சுவருக்கு முன் வந்த யன்னல்

ஆண்டு விழாவில் தீராத நோயைப் பற்றிப் பேசலாமா என்று போதகர் ஐயாவிடம் கேட்டேன். பேசுங்கோ, பிள்ளைகளும் கேட்கட்டும் என்றார்.

தென் லண்டனில் சிடன்ஹாம் என்ற இடத்தில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸ் இருக்கிறது. குணமாக்க முடியாத நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம் அது. இன்று பல நாடுகளிலும் உள்ள ஹொஸ்பிஸ்களுக்கு அதுதான் முன்மாதிரி. அங்கே சாதாரணமான ஒரு கண்ணாடி யன்னல் உண்டு. பிள்ளைகளே, அந்தக் கட்டடத்தில் முதலில் வந்தது அந்த யன்னல்தான். சுவர்கள் பிறகுதான் வந்தன. எப்படியென்று சொல்கிறேன்.

போலந்திலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்ற யூதர் லண்டனில் உணவகப் பரிசாரகராக இருந்தார். 1948இல், நாற்பது வயதில், புற்றுநோயோடு வைத்தியசாலையில் கிடந்தார். பக்கத்தில் குடும்பம் இல்லை. தான் வாழ்ந்ததற்கு ஒரு அடையாளமும் மிஞ்சாதே என்ற கவலை அவரை வாட்டியது. அவரைப் பார்க்க வந்துகொண்டிருந்தவர் சிசிலி சாண்டர்ஸ். தாதியாகப் பயின்று, முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, அப்போது வைத்தியசாலைச் சமூக சேவையாளராக இருந்தவர். இப்படிப்பட்ட நோயாளிகள் நோவில்லாமல் இருக்க ஒரு இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். டேவிட் 500 பவுணை அவருக்கு விட்டுச் சென்றார். அந்த இல்லத்தில் தான் ஒரு யன்னலாக இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம்.

யன்னலைச் சுற்றி வீடு கட்ட 19 வருடம் பிடித்தது. சிசிலி முப்பது வயதுக்குப் பிறகு மருத்துவம் படித்து, 1957இல் டொக்டரானார். நோயாளி கெஞ்சிக் கேட்கும்வரை காத்திராமல், நேரம் தவறாமல் மொர்பின் கொடுக்கும் முறையைப் பரப்பினார். 1967இல் இல்லம் திறந்தது. 2005இல் அங்கேயே அவரும் கண்மூடினார்.

தான் இறக்கப்போகிறோம் என்று டேவிட்டுக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் அந்தப் பேச்சே நடந்தது. எங்கள் ஆட்களோ வார்டு வாசலில் என் கையைப் பிடித்து, "தங்கச்சி, அம்மாவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். உள்ளே அம்மா, "பிள்ளையளுக்குச் சொல்லாதேங்கோ, தாங்கமாட்டினம்" என்பார். இரண்டு பக்கமும் நடிப்பதிலேயே இருக்கிற கொஞ்ச நாளும் போய்விடும். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று நோயாளியிடமே முதலில் கேளுங்கள். மகனிடம் சொன்னால் போதும் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் உரிமை.

உண்மையைச் சொல்வது அவிசுவாசம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஏசாயா எசேக்கியா ராஜாவிடம் ஒன்றையும் ஒளிக்கவில்லை. வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தச் சொன்னார். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபித்தார். பதினைந்து வருடம் கூடக் கிடைத்தது. கேள்விப்படாத ஒன்றுக்காக அவர் எப்படி ஜெபித்திருப்பார்? யாக்கோபு மரணப்படுக்கையில் பேரப்பிள்ளைகளை அருகே அழைத்து, தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். நாங்கள் பேரப்பிள்ளைகளைச் சோதனைக்குப் படி என்று மேல்மாடிக்கு அனுப்பிவிடுகிறோம்.

விட்டுச்செல்ல 500 பவுணும் தேவையில்லை. கறித்தூளுக்குச் சாமான் வறுக்கும் பக்குவம், பேசாமல் இருக்கும் தம்பிக்கு ஒரு போன், பேத்தியின் கல்யாணத்துக்கு இப்போதே எழுதிவைக்கும் கடிதம். குரலை மட்டும் பிந்தாமல் பதிவு செய்யுங்கள். நோய் முற்ற முற்ற மூச்சு குறையும், நித்திரை கூடும்.

பிள்ளைகளே, வைத்தியசாலையில் உங்களை மொழிபெயர்க்கச் சொன்னால், மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள், அதற்குக் காசில்லை. உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. பழைய அல்பத்தை எடுத்துக்கொண்டு அம்மம்மாவின் கட்டிலில் ஏறி இருங்கள். இந்தப் படத்தில் நிற்பது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் படத்தின் பின்னால் எழுதுங்கள். காலையில் கேளுங்கள்; பின்னேரம் அவ களைத்துப்போவா.