பிளீதா மருத்துவமனையில் ஒரு சுயவிமர்சனம்



பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில், பிளீதா மனநல மருத்துவமனையில் 1953இல் பொறுப்பேற்றார் ஃபிரான்ஸ் ஃபனான். நோயாளிகளின் கூட்டங்கள், இதழ், விழாக்கள் வாயிலாகக் குணப்படுத்தும் முறையை அவர் புகுத்தினார். ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் அது பலனளித்தது. முஸ்லிம் ஆண்கள் பிரிவிலோ ஒருவரும் ஆர்வம் காட்டவில்லை.

வட ஆப்பிரிக்கரின் மூளையே குறையுடையது என்பது அல்ஜியர்ஸ் காலனிய மருத்துவர்களின் கோட்பாடு. பழியை நோயாளி மீது சுமத்த அது வசதியாயிருந்தது. ஃபனான் அவ்வழி செல்லவில்லை. மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பினத்தவரான தாமே ஐரோப்பிய முறையை அம்மக்கள்மீது அப்படியே திணித்துவிட்டதை, சக மருத்துவர் அஸூலேயுடன் 1954இல் எழுதிய கட்டுரையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

அவருக்கு அரபு மொழி தெரியாது. அம்மக்களோ மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றத்திலும் அரசு அலுவலகத்திலும் மட்டுமே கண்டவர்கள். அத்தகையவர் இடையில் நிற்கையில் நோயாளி எவ்வாறு மனம் திறப்பார்? (மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள தோழர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.)

பின்னர் மருத்துவமனைக்குள்ளேயே அரபு முறைக் காப்பிக் கடை எழுந்தது, இஸ்லாமியப் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன, கதைசொல்லி வரவழைக்கப்பட்டார்.

1956இல் ஃபனான் பதவி விலகினார். அரபு மக்களைச் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கும் ஆட்சியின்கீழ் மனநல மருத்துவம் தன் பணியை நிறைவேற்ற இயலாது என்பதே அவரது விலகல் கடிதத்தின் சாரம்.