அடித்துவிடும் அளவுகளில் இருக்கும் அறிவியல்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று, ககன்யான் திட்டத்துக்கான கிரையோஜெனிக் எஞ்சின் அங்கே 720 விநாடிகள் இயக்கிச் சோதிக்கப்பட்டது. ராக்கெட்டின் பேரிரைச்சல் எங்கே பிறக்கிறது என்று கேட்டால், பிள்ளைகள் "எஞ்சினுக்குள்ளே" என்பார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி வெளியேதான் பிறக்கிறது. சீறிவரும் வாயுத் தாரை அசையாத காற்றோடு கலக்கும் இடமே அதன் பிறப்பிடம்.

சுலோசன முதலியார் பாலத்துத் தூண்களைத் தாண்டித் தாமிரபரணி சுழித்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சுழிபோல் மறு சுழி இராது. பாடநூல் சொல்லும் சுழற்சி ஓட்டம் இதுதான். தாரையின் ஓரங்களிலும் இத்தகைய சுழிகளே.

இதை எப்படி அளப்பது? ஆய்வகத்தில் சிறு தாரை ஒன்றை உண்டாக்கி, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கம்பியை மின்சாரத்தால் சூடாக்கி அதில் நிறுத்துவார்கள். காற்றின் வேகத்துக்கேற்பக் கம்பி குளிரும். அதைக்கொண்டு விநாடிக்குப் பல்லாயிரம் முறை வேகத்தை அறியலாம். கம்பி தாங்காத இடத்தில், காற்றில் நுண்துகள்களைத் தூவி, லேசர் ஒளியில் அடுத்தடுத்துப் படமெடுத்து, துகள் நகர்ந்த தூரத்தைக் கணக்கிடுவார்கள்.

கிடைக்கும் எண்கள் ஒன்றுக்கொன்று மாறுபடும். சராசரி எடுத்தால் தாரையின் வேகம் தெரியும். ஆனால் இரைச்சலின் காரணம் சராசரியில் இல்லை; அதிலிருந்து விலகும் ஏற்ற இறக்கங்களில் இருக்கிறது.

1952இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் ஒரு விதியைக் கண்டார். ஒலியைவிட மெதுவான தாரையில், ஒலித்திறன் வேகத்தின் எட்டாம் படிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் ஒலித்திறன் 256இல் ஒரு பங்காகும். இன்றைய பயணிகள் விமானங்களில் பெரிய விசிறி அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளுவதால் இரைச்சல் குறைகிறது. ராக்கெட் தாரையின் வேகத்தைக் குறைக்க வழியில்லை. எனவே ஏவுதளத்தில் நீரைப் பாய்ச்சுகிறார்கள். அமெரிக்க விண்வெளி ஓடத்துக்குச் சுமார் 11 லட்சம் லிட்டர் தேவைப்பட்டது.

வகுப்பறைக்கு வருவோம். காற்றாடியை நிறுத்திவிட்டு ஓர் ஊதுபத்தியை ஏற்றுங்கள். புகை நேராக எழுந்து, சற்று உயரத்தில் கலைந்து சுழலும். அந்த உயரத்தைப் பத்து விநாடிக்கு ஒருமுறை என, அளவுகோலால் பத்துத் தடவை அளக்கச் சொல்லுங்கள். பத்தும் வேறுபடும். சராசரியோடு, மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தையும் எழுதச் செய்யுங்கள். பிறகு கதவைத் திறந்துவைத்து மீண்டும் அளந்து ஒப்பிடட்டும்.

அளவுகோலைத் தவறாகப் படித்திருந்தால் திருத்துங்கள். பக்கத்துப் பையனின் விடையோடு ஒத்துவரவில்லை என்பதற்காக மட்டும் சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். அப்படி அடித்துப் பழக்கினால், அடுத்த முறை பிள்ளை அளக்காமலே "சரியான" எண்ணை எழுதிவிடும்.