ஸபக் கேட்பது போல் கணக்கும் கேட்போம்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

  



நம் பள்ளிவாசலை ஒட்டிய கட்டிடத்தில், படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளுக்காக ஒரு சிறிய உயர்நிலைப் பள்ளி நடந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். ஆண் பிள்ளைகள் ஓர் அறையிலும், பெண் பிள்ளைகள் ஆசிரியையுடன் மற்றோர் அறையிலும் கற்கின்றனர். மொத்தம் இருபது பேருக்கும் குறைவு. அதைப் பற்றி ஜமாஅத்தார் சிலர் என்னிடம் வெளிப்படையாகவே கேட்டார்கள்: "ஹஜ்ரத், இது என்ன பள்ளி? வகுப்பு இல்லை, மணி இல்லை. பதினாறு வயதுப் பையன் நாலாம் வகுப்புக் கணக்குப் போடுகிறான். எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து, பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, ஆறு மாதம் டியூஷன் நடத்தினால் வேலை முடிந்துவிடுமே?"

கேள்வி நியாயமானது. ஜமாஅத்தின் பணம் செலவாகும் இடத்தில் ஜமாஅத்தார் கேட்கத்தான் வேண்டும். பதில் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு. ஏனெனில் அவர்கள் சொல்லும் அதே வழியை முதலில் கைக்கொண்டவன் நானே. அதில் தவறியவனும் நானே.

பெரியோர்களே! நம் மக்தபை நினைத்துப் பாருங்கள். சுப்ஹுக்குப் பிறகு முப்பது பிள்ளைகள் வந்து அமர்கிறார்கள். ஒருவன் அலிஃப், பே எழுத்துகளில் இருக்கிறான். ஒருவன் அம்ம ஜுஸ்உ ஓதுகிறான். இன்னொருவன் பத்தாவது ஜுஸ்உவில் இருக்கிறான். உஸ்தாத் ஒவ்வொருவராக முன்னால் அழைத்து அவரவர் ஸபக்கைக் கேட்கிறார். சரியாக ஓதினால் அடுத்த பாடம். தடுமாறினால் அதே பாடம் நாளைக்கும். பழைய பாடத்தை மறந்துவிட்டால் புதியது கிடையாது. எட்டு வயதுப் பையன் ஜுஸ்உ முடித்திருக்க, பன்னிரண்டு வயதுப் பையன் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தால், நாம் அவனைத் தோற்றவன் என்று சொல்வதில்லை. அவன் பாடம் அங்கே நிற்கிறது என்றுதான் சொல்கிறோம். ஹிஃப்ளு மதரஸாக்களிலும் இதே ஒழுங்குதான். இரண்டு ஆண்டில் முடிப்பவரும் உண்டு, ஐந்து ஆண்டில் முடிப்பவரும் உண்டு. முடித்த பின் இருவரும் ஹாஃபிழ்தான்.

இந்த ஒழுங்கில் வளர்ந்த நான், ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் வந்தபோது அதை மறந்துவிட்டேன். பள்ளியைத் தொடங்கிய முதல் ஆண்டில், விரைவில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற அவசரத்தில், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் அமர்த்தினேன். கரும்பலகையில் இயற்கணிதம் நடந்தது. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். எழுதியவர்களில் பாதிப்பேருக்குப் பின்னம் என்றால் என்னவென்று தெரியாது என்பதை நான் விசாரிக்கவில்லை.

அவர்களில் ஒரு மாணவன் திடீரென்று நின்றுவிட்டான். சில நாள் கழித்து மீன் ஏலம் நடக்கும் கரையில் அவனைக் கண்டேன். ஏலத்தில் எடுத்த மீனை எடை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒருவர் மூன்றரைக் கிலோ கேட்டார். கிலோ 280 ரூபாய். நான் மனத்துக்குள் பெருக்கி முடிப்பதற்குள் அவன் 980 ரூபாயை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டான். "தம்பி, இவ்வளவு கணக்குத் தெரிந்த நீ ஏன் வகுப்பை விட்டாய்?" என்று கேட்டேன். "ஹஜ்ரத், அது வேறு கணக்கு. அங்கே நீங்கள் எழுதுவது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது" என்றான்.

அவன் திரும்பி வரவில்லை. பலமுறை அழைத்தும் வரவில்லை. 3.5 என்று எழுதுவதும், கரையில் அவன் சொல்லும் மூன்றரையும் ஒன்றுதான் என்பதை யாராவது அவனருகில் அமர்ந்து காட்டியிருந்தால் போதும். அவனை மக்தபில் தனியாக அழைத்து ஸபக் கேட்ட நானே, கணக்கில் அவனைக் கூட்டத்தோடு ஓடவிட்டேன். இதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

அதன் பிறகே இப்போதுள்ள முறைக்கு வந்தோம். அதைச் சுருக்கமாக விளக்குகிறேன்.

ஒரு பிள்ளை சேர்ந்தவுடன், எந்த வகுப்பில் நின்றாய் என்று கேட்பதில்லை. கூட்டல் முதல் பின்னம், தசமம், விகிதம் வரை சிறு சிறு கணக்குகளைக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கிறோம். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி வாசித்தல், பொருள் கொள்ளுதல், சொந்தமாக நான்கு வரி எழுதுதல் ஆகியவற்றைத் தனியே பார்க்கிறோம். இரண்டையும் சேர்த்து ஒரே படி என்று முடிவு செய்வதில்லை. ஆங்கிலக் கதையைத் தடையின்றி வாசிக்கும் ஒரு மாணவி கணக்கில் வகுத்தலில் நிற்கிறாள். அவள் ஆங்கிலத்துக்கு மூத்த குழுவிலும், கணக்குக்கு இளைய குழுவிலும் அமர்கிறாள். ஒரு வேளை அவள் கற்கிறாள்; மறு வேளை அவளே கற்றுக் கொடுக்கிறாள். கற்றுக் கொடுத்த வேளை இருப்பதால், கற்கும் வேளையில் அவளுக்கு வெட்கம் இல்லை.

கணக்குக்கு நம் கையிலேயே உயர்ந்த பாடம் இருக்கிறது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ அவர்கள், 'அல்ஜப்ர் வல்முகாபலா' என்ற சொற்கள் தலைப்பில் அமைந்த கணித நூலை எழுதினார்கள். அல்ஜீப்ரா என்று உலகம் இன்று சொல்லும் பெயர் அதிலிருந்து வந்ததே. வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்குத் தேவையான கணக்கு இது என்று அந்நூலின் முன்னுரையிலேயே சொல்கிறார்கள். தேவைக்காகப் பிறந்த கணிதத்தைத் தேவையின் வழியாகவே கற்பிக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் மனைவியையும் தாயையும் ஒரு மகனையும் விட்டு மரணித்தார். ஃபராயிள் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதி மகனுக்கு. எட்டும் ஆறும் மீதியின்றி வகுக்கும் மிகச் சிறிய எண் எது? 24. அதில் மனைவிக்கு 3, தாய்க்கு 4, மகனுக்கு 17. கடனும் மரண சாசனமும் போக எஞ்சிய சொத்து 24 லட்சமானால் 3 லட்சம், 4 லட்சம், 17 லட்சம். மதரஸாவில் நாங்கள் மஸ்அலாவின் அஸல் என்று ஓதியதைத்தான் பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்கு என்கிறார்கள். பின்னத்தைக் கண்டு அஞ்சிய பிள்ளைகள், தம் பாட்டியின் பங்கு குறையக் கூடாதே என்று கவலையோடு இக்கணக்கைப் போட்டதை நான் கண்டேன். ஜகாத்தின் நாற்பதில் ஒன்றிலிருந்து 2.5 சதவீதம் என்னும் இடத்துக்கு அவர்கள் தாமாகவே வந்து சேர்ந்தார்கள்.

ஆங்கிலத்திலும் அப்படியே. பிற சமூகத்தாரிடமிருந்து வரும் கடிதங்களை வாசிக்கவும் பதில் எழுதவும் அவர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவர்களும் அரை மாத அளவில் கற்றுத் தேர்ந்ததாக அறிவிப்பு உள்ளது. மொழியைக் கற்கும் நோக்கம் அங்கே தெளிவாக இருந்தது. நம் பிள்ளைகளும் மருந்துப் பெட்டியின் மேல் எழுதியிருப்பது, வங்கிப் படிவம், பாஸ்போர்ட் விண்ணப்பம், வளைகுடா வேலை ஒப்பந்தம் ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறார்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்திட்டுவிட்டு அயல்நாட்டில் வருந்திய குடும்பங்கள் நம் முஹல்லாவிலேயே இல்லையா? அங்கிருந்து தொடங்கி, பின்னர் பாடநூலுக்கும் இலக்கணத்துக்கும் கட்டுரைக்கும் வருகிறோம்.

"தேர்வுக்கு என்ன வழி?" என்று கேட்பீர்கள். மத்திய அரசு 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியை நிறுவியது. 2002இல் அது என்.ஐ.ஓ.எஸ். எனப் பெயர் மாற்றம் பெற்றது. 14 வயது நிறைந்தவர் அதன் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே முறையில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. தேறிய பாடம் தேறியதாகவே நிற்கும். ஒரு பிள்ளை இந்த ஆண்டு ஆங்கிலத்தையும் அடுத்த ஆண்டு கணிதத்தையும் எழுதலாம். ஸபக் முடிந்தவனுக்கு அடுத்த ஸபக் என்ற நம் ஒழுங்குக்கு இது மிகவும் பொருந்துகிறது. ஆனால் சேர்வதற்கு முன், பிள்ளை எந்த மேற்படிப்புக்கு அல்லது எந்த அரசுப் பணிக்குப் போக விரும்புகிறதோ, அங்கே இச்சான்றிதழ் ஏற்கப்படுமா என்று பெற்றோர் விசாரித்துக்கொள்வது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அத்தேர்வில் கணிதம் கட்டாயப் பாடம் அன்று. அதை விட்டுவிட்டு எளிய பாடங்களை எடுத்தால் தேர்ச்சி விரைவில் கிடைக்கும். நம் ஆண்டறிக்கையும் அழகாக இருக்கும். நான் அதற்கு உடன்படவில்லை. பத்தாம் வகுப்புச் சான்று இருந்தால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி முத்திரைத் தேவை நீங்கும் என்பது உண்மை. ஆயினும் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்ற பிரிவுகளில் சேரக் கணிதமும் அறிவியலும் படித்த பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கப்படுகிறது. கணக்கை விட்ட பிள்ளைக்கு அந்தக் கதவு மூடிவிடும். வளைந்து கொடுக்க வேண்டியது பாடத்தின் வேகமும் வழியும்தான். பாடத்தையே விட்டுவிடுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். நூற்றுக்கு நூறு சரியாக ஓதாத வரை உஸ்தாத் அடுத்த பாடம் கொடுக்கிறாரா? நம் பள்ளியிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பதிவேடு உண்டு. முந்திய படியில் கேட்ட கணக்கைத் தவறின்றிப் போட்ட பிறகே அடுத்த படி.

இது நாமாகக் கண்டுபிடித்த புதுமையும் அன்று. டேவிட் ஹார்ஸ்பர்க் என்னும் ஆங்கிலேயர் 1972இல் கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் என்ற சிறு பள்ளியை அமைத்தார். வயதுவாரி வகுப்பின்றி ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கற்றது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் ஆந்திரத்தின் ரிஷிவேலி சிற்றூர்ப் பள்ளிகளில் அம்முறையை வளர்த்தார்கள். அதைத் தழுவியே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007இல் தமிழகம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்தது. அரசுப் பள்ளிகள் இத்தனை ஆண்டுகளாக முயல்வதை, மக்தப் நடத்தும் சமுதாயம் வியப்பாகப் பார்க்கத் தேவையில்லை.

இம்முறையில் குறை இல்லையா? உண்டு. ஆசிரியருக்கு உழைப்பு அதிகம். ஒரே பாடத்தை ஒருமுறை நடத்துவதற்குப் பதிலாக ஐந்து படிகளில் ஐந்து பேரிடம் அமர வேண்டும். பிள்ளைகள் கூடினால் ஓர் ஆசிரியரால் முடியாது. பலன் தாமதமாகவே தெரியும். அடுத்த ஆண்டறிக்கையில் பெரிய எண்ணிக்கையை எதிர்பார்க்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆகவே ஜமாஅத்தாரிடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, இப்பள்ளியை ஆறு மாத டியூஷனாக மாற்றும் தீர்மானத்தைக் கைவிடுங்கள். குறைந்தது மூன்று ஆண்டுகள் அவகாசம் தாருங்கள்.

இரண்டாவது, கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி ஆசிரியரை உரிய ஊதியத்தில் அமர்த்துங்கள். அந்த ஊதியத்தை ஜகாத் நிதியிலிருந்து கொடுப்பதற்கில்லை; ஸதகாவிலிருந்தும் பொது நிதியிலிருந்துமே கொடுக்க வேண்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை மாணவருக்கு அப்பணத்தை உரிமையாக்கிக் கொடுத்தால், அவர் அதிலிருந்து தேர்வுக் கட்டணத்தைச் செலுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, பணம் தேவைப்படாத கோரிக்கை. தெருவில் இப்பிள்ளைகளைக் கண்டால், "எந்த வகுப்புப் படிக்கிறாய்?" என்று கேட்காதீர்கள். "இன்று என்ன பாடம்?" என்று கேளுங்கள். மக்தப் பிள்ளையிடம் அப்படித்தானே கேட்கிறோம்?

கரையில் நிற்கும் அந்த வாலிபன் இன்றும் இந்தப் பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்கு வருகிறான். ஸலாம் சொல்கிறான். வகுப்பைப் பற்றி நானும் பேசுவதில்லை, அவனும் பேசுவதில்லை. அவன் தம்பி நம் பள்ளியில் சேர்ந்திருக்கிறான். தசமப் புள்ளி வைக்கக் கற்றுவிட்டான். அந்தத் தம்பியை நாம் இழந்துவிடக் கூடாது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், கற்பிப்போருக்குப் பொறுமையையும், ஜமாஅத்தாராகிய நமக்கு ஒற்றுமையையும் தந்தருள்வானாக. ஆமீன். யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.