கோடியக்கரையில் மூன்று நாள்: மான், பூநாரை, ஓர் ஆமை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்கே போகலாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. குடியரசு தினம் வெள்ளிக்கிழமை வந்ததால எங்களுக்கு மூணு நாள் லீவு கிடைச்சது. நான், என் மனைவி, ஐந்து வயசு மகள், மூணு பேரும் கோடியக்கரை போனோம். எங்கே என்ன பார்க்கலாம்னு சொல்றேன். அதோட அங்கே நான் செஞ்ச ஒரு தப்பையும் சொல்லணும்.

நாங்க இருக்கிறது திருச்சி. தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி வழியா வேதாரண்யம். அங்கே ரூம் போட்டோம். கோடியக்கரை அங்கிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். போற வழியில அகஸ்தியம்பள்ளி வரும். ரெண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். 1930 ஏப்ரல் 13 அன்னைக்கு ராஜாஜி தொண்டர்களோட திருச்சியில கிளம்பி, நடந்தே வந்து, ஏப்ரல் 30ல உப்பு அள்ளின இடம் இது. நினைவுத் தூண் இருக்கு. "நம்ம ஊர்லேர்ந்து நடந்தேவா வந்தாங்க?"ன்னு பாப்பா கேட்டா. ஆமான்னேன். "அவங்க அப்பாகிட்ட கார் இல்லையா?"ன்னா.

முதல் நாள் சாயங்காலம் சரணாலயம். இது 1967ல அறிவிக்கப்பட்டது. இங்கே முக்கியமானது வெளிமான். ஆண் மான் முதுகு கருப்பா, வயிறு வெள்ளையா, கொம்பு முறுக்கி விட்ட மாதிரி இருக்கும். பெண் மானுக்குக் கொம்பு கிடையாது, நிறம் மணல் நிறம். புள்ளிமானும் இங்கே உண்டு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பார்த்தா பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லலாம். புள்ளிமானோட கொம்பு விழுந்து திரும்ப முளைக்கும். வெளிமான் கொம்பு விழவே விழாது, வாழ்நாள் முழுக்க அதே கொம்புதான். அதனால இதை உண்மையில இரலைன்னு சொல்லணும்.

குதிரைக் கூட்டமும் பார்த்தோம். ஒரு காலத்துல மனுஷங்க வளர்த்து விட்டுட்டுப் போன குதிரைகளோட வாரிசுகள், இப்போ காட்டுலயே வாழுதுங்க. பாப்பாவுக்கு மானைவிட குதிரைதான் பிடிச்சது.

இரண்டாம் நாள் காலையில சதுப்பு நிலம், பூநாரைகள். இதுக்கு பைனாகுலர் அவசியம், இல்லைன்னா தூரத்துல வெள்ளைக் கோடு மாதிரிதான் தெரியும். நண்பர் ஒருத்தர்கிட்ட இரவல் வாங்கிட்டுப் போயிருந்தோம். பூநாரை குஞ்சா இருக்கும்போது சாம்பல் நிறம். அது தின்கிற பாசியிலயும் சின்ன இறால்லயும் இருக்கிற நிறமிதான் சிறகை ரோஸ் ஆக்குது. கேரட்டுல இருக்கிறதும் அதே வகை நிறமின்னு சொன்னேன். அன்னைக்கு மதியம் பாப்பா கேரட் பொரியலை ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. கைய வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருந்தா.

சாயங்காலம் வேளாங்கண்ணி கடற்கரை. கூட்டம்தான். ஆனா பிள்ளைகளுக்கு அலையில கால் நனைக்கணும், சோளம் திங்கணும், பலூன் வாங்கணும். அதையும் ஒரு நாள் வச்சுக்கோங்க. விலங்கு, பறவைன்னே மூணு நாளும் ஓட்டினா அழுதுடுவாங்க.

மூணாம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை, சூரிய உதயம் பார்க்கக் கோடியக்கரை கடற்கரைக்குப் போனோம். நிலம் அங்கே மூலையா மடங்குது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்குப் பூங்குழலியோட கடற்கரைன்னு சொன்னா போதும்.

பாப்பா முன்னாடி ஓடினா. "அப்பா, பெரிய கல்லு!"ன்னு கத்தினா. கல் இல்ல, ஆமை. பங்குனி ஆமைன்னு சொல்லுவாங்க, நம்ம கடற்கரைக்கு முட்டை போட வர்றது. செத்து ஒதுங்கியிருந்தது. கழுத்து வீங்கி, கண் வெளிய வந்திருந்தது.

"என்னப்பா ஆச்சு இதுக்கு?"

"தூங்குதும்மா"ன்னேன். யோசிக்கக்கூட இல்ல, வாயில தானா வந்துடுச்சு.

அவ என்ன செஞ்சா தெரியுமா? பக்கத்துல குத்துக்காலிட்டு உட்கார்ந்துட்டா. "அப்போ எழுந்திரிக்கிற வரைக்கும் இருப்போம்"னா. நான் கூப்பிட்டுப் பார்த்தேன், வரல. பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம். சூரியன் வந்துடுச்சு, அவ அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. என் மனைவி என்னைப் பார்த்தா, ஒண்ணும் சொல்லல.

கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் வலை சரி பண்ணிக்கிட்டு இருந்தார். எழுந்து வந்தார். "பாப்பா, அது செத்துப் போச்சுத்தா"ன்னார், சாதாரணமா.

"இல்ல தாத்தா, தூங்குது. அப்பா சொன்னாங்க."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அவளுக்குத்தான் பதில் சொன்னார். ஆமைக்கும் நம்மள மாதிரி நுரையீரல்தான், மூச்சு விட மேல வந்துதான் ஆகணும். பெரிய இழுவை வலையில மாட்டினா மேல வர முடியாது, மூச்சு முட்டிப் போயிடும். "எங்க வலையிலயும் மாட்டும். உசுரோட இருந்தா அறுத்து விட்டுடுவோம். ஆனா அறுத்த வலைக்குக் காசு யாரு குடுப்பா சொல்லு"ன்னு கேட்டார். அதுக்கு என்கிட்டயும் பதில் இல்ல.

பாப்பா எழுந்து என்கிட்ட வந்தா. "அப்பாயியும் தூங்கலையா?"ன்னு கேட்டா.

என் அம்மா அதுக்கு ஆறு மாசம் முன்னாடி தவறிட்டாங்க. ஹால்ல ஐஸ் பெட்டியில வச்சிருந்தப்போ, "அப்பாயி தூங்குறாங்க, சத்தம் போடக்கூடாது"ன்னு இவகிட்ட சொன்னது நான்தான். அதுக்கப்புறம் ராத்திரியில இவ தூங்க மாட்டேன்னு அடம் பிடிச்சதுக்குக் காரணம் தெரியாம டாக்டர்கிட்டகூடப் போனோம். அங்கே மணல்ல நிக்கும்போதுதான் எனக்கு அது உறைச்சது.

அவளைத் தூக்கிக்கிட்டேன். "இல்லம்மா, அப்பாயி செத்துட்டாங்க. தூங்கினா எழுந்துடுவாங்க. செத்தா திரும்ப எழுந்திரிக்க மாட்டாங்க. அப்பா உன்கிட்ட தப்பா சொல்லிட்டேன்"னேன். அவ அழல, நான்தான் அழுதேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "நான் தூங்கினா எழுந்துடுவேனா?"ன்னு கேட்டா. எழுந்துடுவேன்னு சொன்னேன். இன்னும் ரெண்டு தடவை கேட்டா, ரெண்டு தடவையும் சொன்னேன்.

இப்படி ஆமை ஒதுங்கியிருக்கிறதைப் பார்த்தா தொடாதீங்க, வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்க. நாங்களும் சொன்னோம். வந்த ஊழியர் ஆமை முட்டைப் பொரிப்பகத்தைக் காட்டினார். வேலி போட்ட மணல். ஒவ்வொரு குழியிலயும் ஒரு குச்சி, எந்தத் தேதி, எத்தனை முட்டைன்னு எழுதின அட்டை. ஒரு ஆமை நூறு முட்டைக்கு மேலகூடப் போடும். பொரிக்க 45லிருந்து 60 நாள் ஆகும். பாப்பா குச்சிகளை எண்ணினா. எண்ணிக்கை பதினாலுக்கு அப்புறம் அவளுக்குத் தகராறு, திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சா. "மார்ச்சுல வாங்க, குஞ்சு கடலுக்குப் போறதைப் பார்க்கலாம்"னார் அவர்.

இப்போ சில குறிப்புகள். பூநாரைக்கு ஏற்றது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும். சரணாலயத்துக்குக் காலையில சீக்கிரமோ சாயங்காலமோ போங்க, நடுப்பகல் வேண்டாம். தண்ணி, தொப்பி, பைனாகுலர் எடுத்துக்கோங்க. மானுக்கோ குதிரைக்கோ எதுவும் தின்னக் கொடுக்காதீங்க. பிளாஸ்டிக் கவரைத் திரும்பக் கொண்டுவந்துடுங்க.

திரும்பி வர்ற வழியில பாப்பா கார்ல தூங்கிட்டா. தஞ்சாவூர் தாண்டி எழுந்து, "எழுந்துட்டேன்"னு எங்க ரெண்டு பேருக்கும் அறிவிச்சா. அப்புறம் இட்லி கேட்டா.

மார்ச்சுல திரும்பப் போறோம். பார்த்துட்டு வந்து சொல்றேன். உங்க வீட்டுப் பிள்ளைகள் இப்படி ஏதாவது கேட்டப்போ நீங்க என்ன சொன்னீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.