முத்திரையைக் கடைசியில் பாருங்கள்

வானொலியில் ஒரு பாத்திரத்தைப் பற்றிப் பேசுவதில் சங்கடம் ஒன்று உண்டு. காட்ட முடியாது. ஆனால் நான் கொண்டுவந்திருக்கும் பாத்திரத்தைக் கேட்க முடியும். இதோ, ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்து மூடியைச் சுழற்றுகிறேன். கேட்டதா? எங்கேயும் தட்டவில்லை, கரகரக்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் தேநீர்க் கெண்டி இது. நிரம்பப் பிடித்தால் நம் டீக்கடைக் கண்ணாடி டம்ளர் ஒன்றுதான் வரும். அவ்வளவு சின்னது.

சீனாவில் ஜியாங்சு மாநிலத்தில், தாய் ஏரிக்கு மேற்கே இருக்கும் ஊர் யீஷிங். இந்த வகைக் கெண்டி அங்கே கிடைக்கும் களிமண்ணில் செய்வது. அந்த மண்ணுக்கு ஸிஷா என்று பெயர். ஊதா மணல் என்று அர்த்தம். சுட்டபின் ஊதாவாகத்தான் இருக்கும் என்றில்லை. செங்கல் நிறம், காப்பிக்கொட்டை நிறம், சந்தன நிறம் எல்லாம் உண்டு. மண் என்கிறோமே தவிர, வெட்டும்போது அது கல். வெயிலிலும் மழையிலும் போட்டு உதிரவிட்டு, அரைத்து, சலித்து, பிசைந்துதான் களிமண் ஆக்குகிறார்கள்.

இந்தக் கெண்டி பேர் பெறுவதற்கு முன்னால் சீனர்கள் தேயிலையை இடித்து வில்லையாக்கி, பொடித்து, கிண்ணத்தில் கடைந்து குடித்தார்கள். 1391-இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர், இனி அரண்மனைக்கு வில்லை வேண்டாம், உதிரி இலையே வரட்டும் என்று ஆணையிட்டார். இலையை வெந்நீரில் ஊறவைக்கும் பழக்கம் ஊன்றியதும் அதற்கு ஏற்ற பாத்திரமும் தேவைப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டில் யீஷிங் கெண்டி பேர் பெற்றது அப்படித்தான். ஐரோப்பாவுக்குத் தேயிலையோடு போன இந்தச் சிவப்புக் கெண்டியைப் பார்த்துதான் ஹாலந்துக்காரர்களும் இங்கிலாந்துக்காரர்களும் முதலில் டீபாட் செய்யப் பழகினார்கள்.

செய்முறையைச் சொல்லாமல் இதை ரசிக்கச் சொல்ல முடியாது. நம் ஊர்க் குயவர் சக்கரத்தில் வனைந்துவிட்டு, பிறகு பலகையால் தட்டி அடியைக் கூட்டுவார். யீஷிங் மரபில் சக்கரத்தில் வனைவது கிடையாது, ஆரம்பத்திலிருந்தே தட்டல்தான். களிமண்ணை மரச்சுத்தியால் அடித்து இடுப்பு வார் மாதிரி நீளப் பட்டை ஆக்குகிறார்கள். அதை வளைத்து இரண்டு முனையையும் ஒட்டினால் உருளை. இடது கை விரல்கள் உருளைக்குள்ளே, வலது கையில் மெல்லிய மரப்பலகை. உருளையைத் திருப்பித் திருப்பித் தட்டத் தட்ட, விளிம்பு பூ கூம்புவதுபோல உள்ளே வருகிறது. வட்டத் துண்டு ஒன்றை ஒட்டி அடியை அடைத்து, கவிழ்த்து, மறுபக்கத்தையும் அப்படியே தட்டிக் கூட்டுகிறார்கள். மூக்கும் கைப்பிடியும் பிறகு வரும். கடைசியில் எருமைக்கொம்பைச் சீவி எடுத்த, வளைந்துகொடுக்கும் மெல்லிய தகட்டால் மேனியை இழைக்கிறார்கள். மெருகுப்பூச்சு எதுவும் கிடையாது. சூளையில் 1,100 முதல் 1,200 டிகிரி வரை வேகிறது. பூசி மறைக்க வழி இல்லாததால், கை தவறிய இடம் தவறியபடியே தெரியும்.

இதை வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் தண்ணீர். ஊற்றும்போது தாரை பிரியாமல், சுழலாமல் விழ வேண்டும். நிமிர்த்திய கணத்தில் நிற்க வேண்டும், மூக்கின் கீழே ஒரு சொட்டுகூட வழியக் கூடாது. அடுத்தது மூடி. குமிழில் இருக்கும் ஊசித்துளையை விரலால் அடைத்துக்கொண்டு கெண்டியைச் சாய்த்துப் பாருங்கள். மூடி சரியாகப் பொருந்தியிருந்தால் காற்று புகாது, தண்ணீரும் வராது. விரலை எடுத்தால் வரும். பிறகு, மூடியை எடுத்துவிட்டுக் கெண்டியை மேசைமேல் கவிழ்த்துவையுங்கள். மூக்கின் நுனி, வாய் விளிம்பு, கைப்பிடியின் மேல்முனை மூன்றும் ஒருசேர மேசையைத் தொட வேண்டும். எல்லா வடிவத்துக்கும் இந்த விதி பொருந்தாது, நேர்மூக்குக் கெண்டிக்குப் பொருந்தும். ஷுய்பிங் என்று ஒரு வகை இருக்கிறது. பெயருக்குப் பொருளே நீர்மட்டம். கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால் சாயாமல் நிற்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் அடியில் இருக்கும் முத்திரை. பெரும்பாலோர் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது அதைத்தான். அங்கேதான் ஏமாறுகிறோம்.

சென் மன்ஷெங் என்று ஓர் அதிகாரி இருந்தார். 1768 முதல் 1822 வரை வாழ்ந்தவர், கவிஞர், முத்திரை செதுக்குபவர். அவர் வரைந்து கொடுத்த வடிவங்களை யாங் பெங்நியன் என்ற கைவினைஞர் செய்தார். அடியில் பெரிதாக இருப்பது அதிகாரி தன் படிப்பறைக்கு வைத்திருந்த பெயர். செய்தவரின் பெயர் கைப்பிடிக்குக் கீழே, தேடினால் கிடைக்கும் அளவில். உலகம் அவற்றை மன்ஷெங் கெண்டி என்றே அழைக்கிறது.

இதைவிட வேடிக்கை கு ஜிங்ஜோவின் கதை. 1915-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், சென்ற நூற்றாண்டில் அவரை மிஞ்சிய கை இல்லை என்பார்கள். அவர் இளைஞராக இருந்தபோது, 1930-களில், ஷாங்காயில் பழம்பொருள் வியாபாரி ஒருவருக்காகப் பழைய மேதைகளின் கெண்டிகளை நகலெடுத்துக் கொடுத்தார். சும்மா நகல் இல்லை, பழைய முத்திரையோடு. இன்று கு ஜிங்ஜோவின் முத்திரையையே குத்தி எத்தனையோ பேர் விற்கிறார்கள். அவரே இளமையில் செய்த நகல்களில் ஒன்று கையில் கிடைத்தால் அது போலியா, பொக்கிஷமா? நான் பொக்கிஷம் என்பேன்.

அவர் செய்த பத்து உருப்படிச் செட் ஒன்று 2015-இல் பெய்ஜிங்கில் 9 கோடி யுவானுக்கு மேல் ஏலம் போனது. கொடியும் திராட்சையும் அணிலும் ஒட்டிய செட். எனக்கு அணில் ஒட்டிய கெண்டிகளில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. வெறும் கோடும் வளைவுமாக நிற்கிற கெண்டிதான் பிடிக்கும். என் ரசனையை ஏலம் கேட்கிறவர்கள் மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

சேகரிப்பு என்றால் இப்படிக் கோடிகளில் புரள வேண்டும் என்பதில்லை. ஹாங்காங்கில் 1984-இல் திறந்த தேநீர்க்கலன் அருங்காட்சியகம், சோயாபால் நிறுவனம் நடத்திய லோ க்வீ சியோங் கொடுத்த கலன்களை அடிப்படையாகக் கொண்டது. பிரிட்டிஷ் படைத் தளபதி குடியிருந்த பழைய பங்களா அது. கண் பழக விரும்புகிறவர்கள் முதலில் அங்கே போய் நல்லதைப் பார்க்கலாம்.

நான் பழகியது வேறு விதம். சிங்கப்பூரில் ஒரு கடையில் நூறு வருடப் பழசு என்று ஒரு கெண்டி வாங்கினேன். கருத்துப் பளபளத்தது, முத்திரையும் பெரிய பெயர். வீட்டுக்கு வந்து வெந்நீர் ஊற்றினேன். தேயிலை வாசனைக்குப் பதில் பள்ளிக்கூட நாள் ஞாபகம் வந்தது. ஷூ பாலிஷ். துடைத்த வெள்ளைத் துண்டில் காவிக்கறை. மனைவி, "போனால் போகட்டும், இனிமேல் ஷூவாவது மினுங்கும்" என்றாள்.

வெந்நீரில் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்தேன். மூன்று நாளில் வாசனை போனது, பளபளப்பும் போனது. உள்ளே இருந்தது சாதாரணச் செங்கல் நிறம். அப்புறம்தான் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தாரை பிரியவில்லை. துளையை அடைத்தேன், நின்றது. கவிழ்த்தேன், மூன்றும் தொட்டது. எவரோ பெயர் தெரியாத ஒருவர் ஒழுங்காகச் செய்த கெண்டிமேல் வேறு எவரோ பாலிஷ் போட்டிருக்கிறார்.

சற்றுமுன் மூடியைச் சுழற்றிக் காட்டினேனே, அதுதான் இது. ஊலாங் தேயிலை மட்டும் போடுகிறேன், ஒரு கெண்டிக்கு ஒரே தேயிலை என்பது வழக்கம். சோப்பு காட்டுவதில்லை, மேல்பூச்சு இல்லாத மண், வாசனையைப் பிடித்துக்கொள்ளும். குடித்து முடித்ததும் வெந்நீரில் அலசி, மூடியைத் தனியே எடுத்துவைத்து, ஜன்னலோரம் காயவிடுகிறேன். ஏழெட்டு வருடத்தில் பழைய பளபளப்பில் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, இந்த முறை தேயிலையிலிருந்து.