மருந்து இருந்தது, பாதை இல்லை



ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் வளர்ந்து இன்று பட்டம் பெறும் உங்களுக்குத் தோலைப் பற்றி நான் சொல்லித்தர எதுவுமில்லை. ஆனால் உங்கள் தாத்தா காலத்துச் செய்தி ஒன்றை நினைவூட்ட வேண்டும். குரோம் பதனீடு பரவுவதற்கு முன்பு, பாலாற்றங்கரைத் தொழில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பித்தான் நடந்தது. ஆவாரை மேட்டுநிலத்தில் கிடைத்தது. கடுக்காய் காட்டிலிருந்து வந்தது. ஜவ்வாது மலையிலும் மற்ற மலைகளிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் அதைப் பொறுக்கி, உலர்த்தி, மூட்டை கட்டிக் கீழே இறக்கினார்கள். கப்பலேறிப் போன தோலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலாளிகளின் பெயர்களை எழுதுகிறார்கள். அந்த மூட்டையைச் சுமந்தவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு தோலும் உண்டு. இருளர் மக்கள் பிடித்துக் கொடுத்த பாம்புகளின் தோல் ஒரு காலத்தில் நல்ல வியாபாரம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; அதையடுத்து அந்த வணிகம் நின்றது. சட்டம் சரியானதுதான். ஆனால் பாம்பு பிடிப்பதைத் தவிர வேறு கைத்தொழில் அறியாத குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. அப்போது ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் இருளர்களுடன் சேர்ந்து ஒரு வழி தேடினார். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. மாமல்லபுரம் போகும் சாலையில் வடநெம்மேலியில் அது இன்றும் நடக்கிறது.

அங்கே நடக்கும் வேலையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து வருகிறார்கள். மண்பானையில் சில வாரங்கள் வைத்து, இடைவெளி விட்டு நஞ்சு எடுக்கிறார்கள். பிறகு, அதே பாம்பை மறுபடி பிடித்துவிடாதபடி வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டு, காட்டிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். அந்த நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தப்பட்டு, அவற்றின் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து ஆகிறது. இந்தியாவில் அந்த மருந்துக்குத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதியைப் பல ஆண்டுகளாக இந்த ஒரு சங்கம்தான் கொடுத்து வந்திருக்கிறது. பாம்பு பிடிப்பதில் தேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

அதே 2023, மே மாத இறுதி. நம் வேலூர் மாவட்டம், அணைக்கட்டு வட்டம், அல்லேரி மலையில் அத்திமரத்துக்கொல்லை என்ற குக்கிராமம். வீட்டு வாசலில் உறங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிலிருந்து இறங்க வண்டி போகும் சாலை இல்லை. மருத்துவமனையை எட்டுவதற்குள் குழந்தை இறந்துபோனது. உடற்கூறாய்வு முடிந்து உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து பல கிலோமீட்டர் தூரம், தாய் அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தி மலையேறினார்.

ஒரு பழங்குடி மக்களின் கைத்திறனால் நாடு முழுக்க உயிர்கள் பிழைக்கின்றன. இன்னொரு பழங்குடிக் குழந்தைக்கு அந்த மருந்து எட்டவில்லை. மருந்து இருந்தது. பாதை இல்லை. ஏன் இல்லை? காட்டு நிலத்தில் சாலை போட வனத்துறை அனுமதி வேண்டும். அதற்குக் கோப்பு நகர வேண்டும். கோப்பு நகர, அதை விடாமல் பின்தொடரும் ஆள் வேண்டும். அந்தக் குழந்தையின் மரணம் செய்தியான பிறகுதான் கோப்பு வேகம் பிடித்தது.

பழங்குடி மக்களுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்ய உங்களில் சிலரையாவது அழைக்கவே இங்கு வந்தேன். அந்த வேலை எப்படிப்பட்டது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதில் பெரும்பகுதி காகித வேலை. பத்தாம் வகுப்பு முடித்த இருளர் பையனுக்குச் சாதிச் சான்று வேண்டும். பழங்குடிச் சான்று தாசில்தார் கையெழுத்தில் முடியாது. கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அங்கே, அப்பாவின் சான்று எங்கே என்பார்கள். பள்ளிக்கூடமே பார்க்காத அப்பாவுக்கு ஏது சான்று? பையன் படிப்பை விட்டுவிட்டுச் சவுக்கு வெட்டப் போய்விடுகிறான். நரிக்குறவர், குருவிக்காரர் மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக வந்துவிட்டது. சான்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வாங்கியாக வேண்டும்.

காகிதத்தின் வலிமையைச் சந்தேகிப்பவர்கள் 2019 ஜூலையை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் பக்கமும், அப்போது நம் வேலூர் மாவட்டத்தில் இருந்த நெமிலிப் பக்கமும் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். இருளர் குடும்பங்கள், குழந்தைகளோடு. ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாட்டையே உலுக்கியது. அவர் வாங்கிய கடன் ஆயிரம் ரூபாய் என்று அன்றைய செய்திகள் சொல்லின. முன்பணம் வாங்கியவர் அதைக் கழிக்கவே முடியாது. கணக்கு நோட்டு முதலாளியின் வீட்டில் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே இல்லாததாக்குகிறது. ஆனால் விசாரணை நடந்து, விடுதலைச் சான்றிதழ் கையில் வந்தால்தான் உடனடி உதவித்தொகை வரும், வீட்டுமனை கேட்க முடியும். சான்றிதழ் வராத குடும்பம் அடுத்த முன்பணத்துக்குக் கை நீட்டத்தான் வேண்டியிருக்கும். மீட்பு நாளன்று வரும் கேமராக்கள் அதற்குப் பிந்தைய மாதங்களில் வருவதில்லை. அந்த மாதங்களில்தான் களப்பணியாளர் வேண்டும்: வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, நீதிமன்ற வாய்தா.

தீபாவளிக்கு ஒரு மூட்டை அரிசியோடும் புடவைக் கட்டோடும் குடிசைகளுக்குப் போய், வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்துத் திரும்புகிறவர்களும் தங்களைச் சேவை நிறுவனம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கடுமையாகவே சொல்கிறேன், பிடிக்காது. கை நீட்டி வாங்குகிறவர்களாக அந்த மக்களை நிறுத்தும் எந்த வேலைக்கும் நீங்கள் போகாதீர்கள்.

எங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்? திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர் வழியாகச் சித்தேரி மலையும் கல்வராயன் மலையும் சூழ்ந்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்குப் போய்ப் பாருங்கள். மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மருத்துவர் லலிதாவும் 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்துகொண்டிருந்த இடம் அது. அவர்கள் முதலில் வெளியூர் நர்சுகளைத் தேடி அலையவில்லை. மலையாளி, லம்பாடிக் குடும்பத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். காய்ச்சல் பார்க்க, கர்ப்பிணிகளைக் கவனிக்க, பிரசவம் பார்க்க, அறுவைக்கு உதவ, எல்லாமே அந்தப் பெண்கள் கற்றார்கள். இறப்பு விகிதம் பெருமளவு சரிந்தது. பிறகு, விளைச்சலும் வருமானமும் இல்லாத வீட்டில் நோய் திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டு இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் பூந்தையல் என்று வேலை விரிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்விடும் நிறுவனங்களை மலை மக்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் யார் என்று அவர்கள் முடிவு செய்யவே சில ஆண்டுகள் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும்.

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேரும் பிள்ளை தொடக்கத்திலேயே கூடுதலாக வாங்குவான். வரன் பார்க்கும் இடத்தில் தொண்டு நிறுவன வேலையா என்று இழுப்பார்கள். உங்கள் கவலை நியாயமானது; அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் வணிகவியல் படித்த உங்கள் மகள் ஓர் உழவர் நிறுவனத்தின் கணக்கைச் சுத்தமாக வைத்தால், ஜவ்வாது மலையின் சாமைக்கும் தேனுக்கும் புளிக்கும் இடைத்தரகர் சொல்லும் விலையை மலை மக்கள் ஏற்க வேண்டியதில்லை. சட்டம் படித்த உங்கள் மகன் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை ஒரு கிராமசபையில் விளக்கினால், தலைமுறைகளாக உழுத நிலத்துக்குப் பட்டா கேட்க நாற்பது பேர் எழுந்து நிற்பார்கள். இதற்குத்தானே படிக்க வைத்தீர்கள்?

ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதியை உங்களில் பலர் அறிவீர்கள். ஏலகிரி மலையில் படித்தவர், மலையாளிப் பழங்குடிப் பெண். பிரசவமான இரண்டாம் நாள் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதி, 2024 பிப்ரவரியில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். நீங்கள் எழுதும் மனுவை இனி அவரைப் போன்றவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து படிப்பார்கள். உங்கள் நிறுவனத்தின் தலைமை நாற்காலியிலும் அவர்கள்தான் உட்கார வேண்டும். அப்போது அவர்களுக்குக் கீழே மனமுவந்து வேலை செய்யத் தயாராக இருங்கள். இருளர் சங்கம் உயிரோடு இருப்பதற்கு அதன் உறுப்பினர்கள் இருளர்கள் என்பதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

வேலூரிலும் திருப்பத்தூரிலும் ராணிப்பேட்டையிலும் திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். மலையிலிருந்து முந்தின நாளே இறங்கி வந்தவர்கள் அங்கே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். மனு எழுதிக் கொடுக்கக் காசு கேட்பவர்களும் அங்கேயே இருப்பார்கள். நீங்கள் ஒரு பேனாவும் வெள்ளைத்தாளும் கொண்டுபோய், காசு வாங்காமல், அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அவர்களைத் திரும்ப விடாதீர்கள். அடுத்த திங்களும் போங்கள்.