கீழ்விரி பட்டியலும் வழிகாட்டும் கடமையும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



வழி கேட்டு வருவோருக்கு வழிகாட்டுதல் நம் முன்னோர் போற்றிய அறம். இன்று மக்கள் வழி கேட்டு நிற்கும் இடங்களுள் இணையத்தளமும் ஒன்று. நம் வாலிபர் பலர் அத்தளங்களை அமைக்கும் தொழிலிலே புகுந்துள்ளனர். ஆதலின், தளத்தின் வாயிலிலே வழிகாட்டியாக நிற்கும் கீழ்விரி பட்டியலைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றேன்.

கீழ்விரி பட்டியல் என்பது யாது? திரையிலே தலைப்பு மாத்திரம் தெரியும். அதனைத் தொட்டால் உட்பிரிவுகள் கீழே விரியும். 1983 ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட லிசா கணினியிலும், 1984 இல் வந்த மக்கின்டொஷ் கணினியிலும் இம்முறை இடம்பெற்றது. சிறிய திரையிலே பல கட்டளைகளை அடக்குதற்கு அது நல்ல உபாயமே. ஆனால், இடத்தை மிச்சப்படுத்தும் உபாயம் எப்பொழுதும் மனிதருக்கு உதவும் உபாயம் ஆகிவிடாது.

1954 இல் போல் பிற்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் ஓர் உண்மையை நிறுவினார். இலக்குச் சிறிதாகவும் தூரமாகவும் இருக்குந்தோறும் கை அதனை அடையும் நேரம் கூடும் என்பதே அது. ஒடுங்கிய பாதை வழியே சுட்டியை நடத்துவது மேலும் கடினம் என்பதை 1997 இல் வேறு ஆய்வாளர் காட்டினர். பட்டியலுக்குள் பட்டியல் விரியும்போது நிகழ்வது இதுவே. சுட்டி சற்று விலகினாலும் விரிந்தது மறைந்துவிடும். நடுங்கும் கையுடையவர் என் செய்வார்?

எனது பெரியம்மா ஒருமுறை ஒரு விண்ணப்பத்தை இணையத்திலே நிரப்ப முயன்றார். பிறந்த ஆண்டைத் தெரிவதற்கு நீண்டதொரு பட்டியல். எண்பது ஆண்டுகளைக் கடந்து கீழே போகவேண்டும். போவதற்குள் விரல் வழுவிப் பட்டியல் மூடிக்கொண்டது. மூன்று முறை முயன்றபின், "தம்பி, நான் படிப்புக் குறைஞ்சவள், எனக்கு இது விளங்கேல்லை" என்றார். அன்பர்களே, குறை அவருடையதன்று, பட்டியலினுடையது. நான்கு இலக்கங்களைத் தட்டெழுத ஓர் இடம் விட்டிருந்தால் ஒரு கணத்தில் முடிந்திருக்கும். பிறர் பிழையைத் தம் அறியாமை என்று ஒரு முதியவர் எண்ணி வெட்கும்படி செய்வது சிறு தவறா?

இன்னும், சுட்டியை மேலே வைத்த மாத்திரத்தில் விரியும் பட்டியல்கள் உள. கைத்தொலைபேசியிலோ சுட்டி இல்லை. பார்வையற்றோர் பலர் விசைப்பலகையால் இயக்கி, கணினி வாசிப்பதைக் கேட்டே அறிகின்றனர். 2018 இல் வெளியான இணைய அணுகல் நெறிகள், சுட்டியால் தோன்றும் பகுதி, சுட்டியை அதன்மேல் நகர்த்தும்போது மறையலாகாது என்றும், வேண்டாதபோது எளிதில் நீக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றன.

ஆகவே, தளம் அமைக்கும் இளைஞர்க்கு நான் கூறுவன இவை. பிரிவுகள் ஐந்தாறே என்றால் ஒளிக்காது அனைத்தையும் காட்டுங்கள். பட்டியல் அழுத்தினால் விரியட்டும். மீண்டும் அழுத்தும்வரை நிற்கட்டும். மும்மொழி வழங்கும் நம் நாட்டிலே மொழித் தெரிவை ஆங்கிலத் தலைப்பின்கீழ் மறைக்காதீர்கள். ஆங்கிலம் அறியாதவர்க்கே அது வேண்டும். தமிழ் என்பதைத் தமிழெழுத்திலேயே வெளிப்பட எழுதுங்கள். முடிவிலே, ஒரு முதியவரை அமர்த்தி, வாய்திறவாது அருகிருந்து பாருங்கள். அவர் தடுமாறும் இடமே நீங்கள் திருத்தவேண்டிய இடம்.

குடத்துள் இட்ட விளக்கு எவர்க்கும் வழிகாட்டாது. நம் கல்வி குன்றின்மேல் இட்ட விளக்காகுக. தொழிலையே தொண்டாக்கும் நல்லறிவை இறைவன் நமக்கு அருள்வானாக.